மயில்கொன்றைக்கு வந்த ரோஷம்

காய்க்காத மரத்துக்குச் செருப்பு கட்டினால் காய்க்கும் என்பதில் எங்கள் பெரியம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. மரத்துக்கும் மானம், ரோஷம் எல்லாம் உண்டாம். பழைய செருப்பையும் தேய்ந்த துடைப்பத்தையும் கிளையில் தொங்கவிட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால், அவமானம் தாங்காமல் அடுத்த பருவத்திலேயே காய்த்துத் தள்ளிவிடுமாம். ஆம்பூர்க்காரர்களுக்கு இது சுலபமான வைத்தியம். தெருவுக்குப் பத்துப் பேர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஊரில் செருப்புக்கா பஞ்சம்?

நம்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எங்கள் வீட்டு எலுமிச்சை என் கண் முன்னால்தான் பணிந்தது. பெரியம்மா அதன் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்று, "காய்க்காத மரம் வீட்டுக்கு இன்னாத்துக்கு? வெட்டி அடுப்புல வெச்சிடுவேன்" என்று மிரட்டினாள். அடுத்த வருஷம் தெருவுக்கே ஊறுகாய் போட்டுக் கொடுத்தோம். மரமே பெரியம்மாவுக்குப் பயப்படும்போது நான் பயப்படுவதில் தப்பில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குச் சமாதானம் ஆயிற்று.

வீட்டுக்குப் பின்னால் பெரிய தோட்டம். ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்ட நிலம். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போன பிறகு விவசாயத்தை விட்டுவிட்டார்கள். நாலைந்து தென்னை, அந்த எலுமிச்சை, மற்றபடி வெறும் மண். நட்டநடுவில் ஒரு மயில்கொன்றை. அதை வைத்தது என் சித்தி. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு நர்சரியில் சித்தப்பா வாங்கிக் கொடுத்த கன்று. மே மாதம் மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்து, இலையே தெரியாது என்று நர்சரிக்காரர் ஆசை காட்டியிருந்தார். ஏழு வருஷமாயிற்று. வளர்த்திக்குக் குறைவில்லை. கோழிகளும் நானும் பாதி நாள் அதன் நிழலில்தான் கிடந்தோம். பூ மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

சித்திக்கும் அந்த ஏழு வருஷத்தில் குழந்தை பிறக்கவில்லை. வீட்டில் அதை யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். மாதம் ஒருமுறை சித்தப்பாவும் சித்தியும் வேலூருக்கு டாக்டரிடம் போய் வருவார்கள். வரும்போது லாங் பஜாரில் எனக்கு வளையலோ ரிப்பனோ வாங்கி வருவார்கள். அதனால் சித்தி வேலூர் போகும் நாள் எனக்குப் பண்டிகை. இன்னும் அடிக்கடி போகக்கூடாதா என்று நான் சித்தியையே கேட்டிருக்கிறேன்.

சித்திக்கு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிட்டதும் முகம்கூடக் கழுவாமல் நேரே மரத்திடம்தான் போவாள். கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று தெருக்குழாயில் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் தினமும் இரண்டு குடம் ஊற்றுவாள். "மனுஷனுக்கே தண்ணி கம்மி. மரத்துக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ ஜாஸ்தி?" என்று பெரியப்பா கேட்டால் சிரித்து வைப்பாள்.

எனக்கு எட்டு வயதான அந்தத் தை மாதம் பெரியப்பா கேட்பதை நிறுத்திவிட்டு முடிவையே சொல்லிவிட்டார். மரத்தை எடுத்துவிட்டு, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக நாலு வீடு கட்டப் போகிறாராம். "சித்திரை முடியட்டும், பாக்கறேன். பூக்கலைன்னா வெட்டிட வேண்டியதுதான்" என்றார். சித்தி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எனக்குச் சித்தி என்றால் உயிர். என் தலையில் பேன் பார்ப்பதிலிருந்து வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்குவதுவரை எல்லாம் அவள்தான். மரம் போனால் சித்தி தாங்க மாட்டாள் என்று எனக்குப் பட்டது. எனக்கும் கொஞ்சம் சுயநலம் உண்டு. பள்ளிக்கூடத்து மயில்கொன்றையில் மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் காம்புகளைக் கொக்கி போட்டு இழுத்துச் சண்டை விடுவோம். எவருடைய தலை அறுகிறதோ அவர் தோற்றார். வீட்டிலேயே ஒரு மரம் பூத்தால் எனக்குத்தான் வகுப்பில் எவ்வளவு மதிப்பு! வைத்தியமோ வீட்டிலேயே இருக்கிறது. செய்ய ஆள்தான் வேண்டும்.

யாருடைய செருப்பைக் கட்டுவது என்பதுதான் யோசனையாக இருந்தது. பெரியம்மா அடித்தால் எனக்குக் கோபம்தான் வரும். பெற்ற அம்மா அடித்தால்தான் ரோஷம் வரும். அப்படியென்றால் வளர்த்தவள் செருப்பைக் கட்டுவதுதானே முறை? இவ்வளவு பெரிய விஷயத்தைத் தனியாக யோசித்துக் கண்டுபிடித்த என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். சித்தியின் வார் அறுந்த பழைய செருப்பு புழக்கடையில் கிடந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட ஷூ லேசுகள் எங்கள் வீட்டில் எதற்கும் உதவும். அதில் ஒன்றை எடுத்துச் செருப்பு இரண்டையும் ஜோடியாகக் கோத்து, கை எட்டிய கிளையில் கட்டினேன். பிறகு பெரியம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டேன்.

"ஏழு வருஷமா தண்ணி குடிச்சியே, வெக்கமா இல்ல? பூக்காத மரம் வீட்டுக்கு இன்னாத்துக்கு?"

பின்னால் குடத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. சித்தி நின்றுகொண்டிருந்தாள். செருப்பைப் பார்த்தாள். யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். ஊற்ற வந்த தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடித்தது அம்மாதான். முதுகில் நாலு. எதற்கு என்று சொல்லவில்லை. "பழைய செருப்புதானேம்மா! அதுவும் வார் அறுந்தது!" என்று நான் நியாயம் பேசினேன். அதற்கு இன்னும் இரண்டு விழுந்தது. எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்த பெரியம்மா மட்டும் அடுப்படியை விட்டு வெளியே தலைகாட்டவில்லை. கடைசியில் சித்திதான் வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "கொழந்தைய அடிக்காதக்கா. அவ இன்னா இல்லாததையா சொல்லிட்டா" என்றாள். அம்மா போய்ச் செருப்பை அவிழ்த்து வீசிவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து சித்தி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, முகம் கழுவி, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தோட்டத்துப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. மாசி போயிற்று, பங்குனி வந்தது. மரம் மஞ்சளாகி, இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றது. "அதுவே காஞ்சிப் போய்டும் போலகீதே, நமக்கு வேலை மிச்சம்" என்றார் பெரியப்பா. ஒரு அளவோடு திட்டியிருக்கலாம், ரோஷம் ஜாஸ்தியாகி உயிரையே விடப் பார்க்கிறது என்று பயந்துவிட்டேன். யாரும் இல்லாத நேரத்தில் மரத்தடிக்குப் போய் மூன்று முறை ஸாரி சொன்னேன். குடத்தைத் தூக்கவும் பார்த்தேன். அது என் இடுப்பில் நிற்கவில்லை.

சித்திரை பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மொட்டைக் கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பச்சை மொட்டு. ஒரே வாரத்தில் மரம் சிவந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பெரியப்பா மரத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போவட்டும். வீட்ட ஓரமா கட்டிக்கலாம்" என்றார். பெரியம்மா தெரு முழுக்கப் போய்ச் செருப்பின் மகிமையைச் சொல்லிவிட்டு வந்தாள். தண்ணீரை ஓயாமல் ஊற்றினால் இந்த மரம் இலையாகத்தான் விடும், வெயிலில் காயவிட்டால்தான் பூக்கும் என்று ஒரு நர்சரிக்காரர் எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்துத்தான். அப்போதைக்குப் பேர் முழுக்கச் செருப்புக்கும் எனக்கும்தான்.

பெரியப்பா மரத்தை விட்டுவைத்த அன்று சாயங்காலம் சித்தி பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தோட்டத்துக்கு வந்தாள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நான் வாங்கிய அடிக்கெல்லாம் சேர்த்துப் பாராட்டு வாங்கிவிடலாம் என்று ஓடினேன்.

"சித்தி, பாத்தியா! ரோஷம் வந்துடுச்சு!"

"ஆமா கண்ணு. அதுக்கு வந்துடுச்சு" என்றாள். உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இனிமே நான் மட்டும்தான்."

அவள் குரல் என்னவோபோல் இருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. இவ்வளவு பெரிய மரத்துக்கு இனிமேல் மறுபடியும் தினமும் தான் ஒருத்தியே தண்ணீர் சுமக்க வேண்டுமே என்று மலைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நீ மட்டும் எதுக்கு சித்தி? நான் இருக்கேன் இல்ல?" என்றேன்.

சித்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. அவள் கண்ணீர் என் கழுத்தில் இறங்கி, சட்டைக்குள் போயிற்று. குடம் தூக்க ஒரு ஆள் கிடைத்ததற்குப் போய் யாராவது இவ்வளவு அழுவார்களா என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.