மொட்டை டிராக்

இடது கை தந்திகளை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி அடங்குவதற்குள் மவுஸுக்குத் தாவியது. திரையில் தெரிந்த குமிழ் ஒன்றை மயிரிழை அளவு திருப்பியது. மறுபடியும் தந்தி, மறுபடியும் மவுஸ். சுட்டுவிரல் நுனியில் பள்ளம் விழுந்திருந்தது. அதை உதட்டில் ஒற்றிக்கொண்டு அவள் இன்னொரு முறை மீட்டினாள்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தனியாகக் குரல் கிடையாது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்துதான் அதைப் பேச வைக்க வேண்டும். நல்ல ஆம்ப் ஒன்றை வைத்துப் பதிவு செய்ய வேண்டுமென்றால் சுவர் அதிரும் அளவுக்குச் சத்தம் வைத்தாக வேண்டும். கீழ்வீட்டில் கைக்குழந்தை. அதனால் ஆம்ப், பெட்டி, பெட்டிக்கு முன்னால் நிற்கும் மைக் என எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே போலியாக உண்டாக்கும் மென்பொருளை அவள் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டது.

பகலில் அவளுக்குக் காது பரிசோதனை மையத்தில் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பவர், ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் சில சமயம் ஒலியே அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் சிலர் அழுத்துவார்கள். பொய் சொல்வதில்லை, நிஜமாகவே கேட்டது என்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவள் யாரை நம்புவாள்? பால்காரர் ஊற்றும் அளவிலிருந்து பஸ் நிலையத்துக் கடிகாரம் வரை எல்லாவற்றின் மேலும் அவளுக்கு ஒரு கண். அதே வீட்டில் இருக்கும் கொழுந்தன் அவளுக்கு வைத்த பெயர் ‘சி.ஐ.டி. அண்ணி’.

இத்தனை வருஷம் அவள் கிட்டாரைக் கேட்டது நான்கு சுவர்கள்தான். இப்போதுதான் ஒரு வாய்ப்பு வந்திருந்தது. தெரிந்த இசைக்குழு ஒன்றின் கிட்டார்காரர் ஊரை விட்டுப் போய்விட, குழுவை நடத்தும் டிரம்மர் தன் புதுப் பாட்டுக்கு அவளை வாசிக்கச் சொன்னார். அவருக்கும் சந்தேகத்துக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டரில் வரும் கிட்டார் பிளாஸ்டிக் பூ மாதிரி, தூரத்திலிருந்து பார்க்கத்தான் லாயக்கு என்பார். முதலில் அனுப்பியதைக் கேட்டுவிட்டு, “ஈ மொய்க்குதும்மா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். ஆம்பின் கரகரப்பை அவள் ஆசைக்கு ஏற்றி வைத்திருந்தாள். அதைப் பாதியாகக் குறைத்தாள். திரையில் இருந்த மைக்கைப் பெட்டியின் நடுவிலிருந்து கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினாள். உச்சியில் சீறிய பகுதியை நறுக்கினாள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மந்தமாக இருந்தது. பாட்டோடு சேர்த்ததும் பல் முளைத்துக்கொண்டது. பாட்டின் முதல் பகுதியை மட்டும் அப்படி வாசித்து அனுப்பினாள்.

டிரம்மர் உடனே கூப்பிட்டார். “இதுதான் வேணும். பாட்டு முழுக்க இதே சத்தம். ஞாயித்துக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன். நடுவுல மாறிச்சுன்னா என் காதுக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் வருத்தப்படாதே, ஸ்டுடியோக்குப் போய் வேற ஆளை வச்சு எடுத்துடுவேன்.”

மறுநாள் வேலையிலிருந்து வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்காலி இறங்கியிருந்தது. ஸ்பீக்கர் ஒலி ஏறியிருந்தது. மவுஸில் பிசுபிசுப்பு. கொழுந்தன் கேம் ஆடியிருக்கிறான். அன்று அவள் கிட்டார் வாசிக்கவில்லை. திரையில் இருந்த குமிழ்களையெல்லாம் போனில் படம் பிடித்தாள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாள். அதுவரை ஸ்டாண்டில் நின்றிருந்த கிட்டாரைப் பைக்குள் தள்ளி, ஜிப்பை இழுத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த நாள் இரண்டாம் பகுதியை வாசித்தாள். சத்தம் வேறு.

கரகரப்பு குறைந்து, முனை மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. போனில் இருந்த படத்தையும் திரையையும் ஒப்பிட்டாள். எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அதுதான் அவள் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. உள்ளே எதையோ மாற்றிவிட்டு, எண்களை மட்டும் பழையபடி காட்டத் தெரிந்தவன் இந்த வீட்டில் ஒருவன்தான். பாஸ்வேர்டு கணவனின் பிறந்தநாள், அண்ணன் பிறந்தநாள் தம்பிக்குத் தெரியாதா? அதையும் மாற்றினாள். அடுத்த நாள் சத்தம் இன்னும் மழுங்கியிருந்தது. அதற்கு அடுத்த நாள் அதைவிட மோசம்.

சாப்பாட்டு மேஜையில் கேட்டேவிட்டாள்.

“கேம் ஆடினது நிஜம், ஒத்துக்கறேன் அண்ணி” என்றான் கொழுந்தன். “அதுவும் அந்த ஒருநாள்தான். கிட்டார் பக்கம் திரும்பித் தும்மக்கூட இல்லை. பூட்டி வச்ச பீரோவுக்குள்ள நான் எப்படிப் போவேன், கரப்பான்பூச்சியா?”

“பீரோவைப் பத்தி நான் எதுவும் கேக்கலையே. நீயா ஏன் சொல்றே?”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான். அதன் பிறகு மேஜைக்கு வரவில்லை. கணவன் ரசத்தை இரண்டு முறை ஊற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை அவள் கணவனைப் பிடித்து மவுஸின் முன் உட்கார வைத்தாள். தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சத்தத்தைச் சரிக்கட்டிப் பார்க்க நேற்று வாசித்ததை இரண்டு அமைப்பில் வைத்திருப்பதாகவும், எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் சொன்னாள். அவன் போட்டான். மறுபடியும் போட்டான்.

“ரெண்டாவதுதான் நல்லா இருக்கு” என்றாள்.

அவன் தொண்டையைச் செருமினான். “ரெண்டும் ஒண்ணுதாம்மா. நீ வேலைல செய்வியே, அந்த மாதிரி செஞ்சு பார்த்தேன்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒலி வராமலே பொத்தானை அழுத்திய முகங்கள் அவள் மனதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைசி நாற்காலியில் அவள். சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள்.

காதை ஓரமாக வைத்துவிட்டுப் பதிவைப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். வாசிக்கும்போதே கம்ப்யூட்டர், மென்பொருள் பூசுவதற்கு முன்னால் கிட்டாரிலிருந்து வரும் வெற்று ஒலியைத் தனியாகச் சேமித்துவிடும். அதை அவள் ‘மொட்டை’ என்பாள். டிரம்மருக்குப் பிடித்த முதல் பகுதியின் மொட்டையை எடுத்து, இன்றைய அமைப்புக்குள் ஓட விட்டாள்.

அதே சத்தம். பல் முளைத்த அதே சத்தம்.

அப்படியென்றால் மென்பொருளில் யாரும் கை வைக்கவில்லை. கோளாறு கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கிறது. மொட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினாள். ஒலியின் அளவைக் காட்டும் அலைக்கோடு முதல் நாள் தடித்திருந்தது. அடுத்தது மெலிவு. அதற்கடுத்தது அதைவிட மெலிவு. இதை அன்றைக்கே பார்த்திருக்கலாம். சந்தேகப்பட ஒரு ஆள் கையில் இருக்கும்போது யார் போய்க் கோட்டைப் பார்ப்பார்கள்?

பீரோவைத் திறந்து, பையை மடியில் வைத்து, ஜிப்பைப் பிரித்துக் கிட்டாரை மெல்ல உருவினாள். பைக்கு இறுக்கமான வாய். அதன் ஓரம் கிட்டார் உடம்பின் மேல் உராய்ந்து வந்து, வால்யூம் குமிழில் மாட்டி, அதைத் துளி திருப்பிவிட்டு நகர்ந்தது. அவள் எப்போதும் முழுவதும் திறந்தே வைத்து வாசிக்கிற குமிழ் அது. அதனாலேயே அவள் அதைத் தொடுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. எண் எதுவும் போடாத கறுப்புக் குமிழ், இப்போது பாதிக்கு வந்திருந்தது. பூட்டி வைத்த நாளிலிருந்துதான் சத்தம் கெட ஆரம்பித்திருக்கிறது.

கிட்டாரையும் பையையும் தூக்கிக்கொண்டு கொழுந்தன் அறைக்குப் போனாள். கிட்டாரைப் பைக்குள் தள்ளி, வெளியே எடுத்து, குமிழ் திரும்புவதைக் காட்டினாள். அவன் கட்டிலில் படுத்தபடியே பார்த்தான்.

“அப்போ எனக்கு விடுதலையா?”

“ஆயிடுச்சு.”

“பையை என்ன செய்யப் போறீங்க, உள்ள தள்ளுவீங்களா?”

“அதுவே ஒரு ஜெயில்தானே. எழுந்து சாப்பிட வா. புது பாஸ்வேர்டு உன் பிறந்தநாள்.”

அன்று மாலை கிட்டார் ஸ்டாண்டுக்குத் திரும்பியது. குமிழை முழுக்கத் திறந்து, நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டினாள். இரண்டாம் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக வாசித்தாள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அலைக்கோட்டை முதல் நாளோடு வைத்துப் பார்த்த பிறகே காதால் கேட்டாள். கடைசிப் பகுதிக்கு விரல் எரிந்தது. நிறுத்திவிட்டு, ஞாயிறு காலையில் முடித்தாள்.

டிரம்மர் செருப்பைக் கழற்றும்போதே அறையை நோட்டம் விட்டார். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒலியைக் குறைவாக வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமல் இன்னொரு முறை கேட்டார். வாசலில் நின்ற கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

“எங்கே ஒட்டுப் போட்டிருக்கே?”

“நீங்களே கண்டுபிடிங்க அண்ணா.”

மூன்றாவது முறையும் கேட்டார். முதல் பகுதி இரண்டாம் பகுதியோடு சேரும் இடத்தில் அவர் தலை லேசாகச் சாய்ந்தது. பிறகு தாளத்தோடு போய்விட்டது. எழுந்து நேரே பீரோவுக்குப் போய்க் கதவைத் திறந்தார். கீழ்த்தட்டில் ஒரு காலிப் பை கிடந்தது.

“ஆம்ப் எதையும் ஒளிச்சு வைக்கலையே?”

“கீழ்வீட்டுக் குழந்தையைக் கேளுங்க.”

அவர் பீரோவை மூடினார். அவள் பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவினாள்.

“பாட்டு முழுக்க இதுல இருக்கு. மொட்டையும் தனியா போட்டிருக்கேன். சந்தேகம் வந்தா அதைக் கேளுங்க.”

டிரம்மர் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். பையின் பொத்தானை மாட்டினார். வாசலுக்குப் போகும்போது மேலே கை வைத்து, அது இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.