வேண்டுதல் என்று எழுதிவிட்டேன்

நான் பல் டாக்டர். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு முதல் மாடியில் கிளினிக். இருபது வருடங்களாக, நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடம் "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் சம்பாதிக்கிறேன். அவர்கள் கைப்பிடியை இறுக்கிக்கொள்வதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு. அந்தப் பாவமெல்லாம் இப்போது பலிக்கிறது.

நாற்பத்தாறு வயதில் நெடுந்தூர டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்தேன். கடலில் நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீச்சல், கரையேறியதும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதற்கப்புறம் ஒரு முழு மாரத்தான். எல்லாம் ஒரே நாளில். நீச்சலுக்கென்று ஒரு கெடு உண்டு. அதற்குள் கரையேறாவிட்டால் சைக்கிளைத் தொடவே விடமாட்டார்கள். ஓட்டமும் சைக்கிளும் எனக்குப் பழக்கம். நீச்சல் குளத்தில் சுமாராக நீந்துவேன். கடல் என்பது கொஞ்சம் பெரிய குளம்தானே என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் உடம்பையே விட்டேன்.

"மெரினாவுல கால் நனைக்கறதுக்கே என் கையைப் பிடிச்சுண்டு நிக்கறவ நீ" என்றார் கணவர். "பேர் குடுக்கறதுக்கு முன்னாடி அது ஞாபகம் வரலையா?"

வரவில்லை. வந்திருந்தாலும் அவர் அப்படிச் சொல்வார் என்பதற்காகவே கொடுத்திருப்பேன்.

இந்த மாதிரிப் போட்டிகளுக்குப் போகிறவர்கள் ஏதாவது நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவது எங்கள் பயிற்சிக் குழுவில் வழக்கம். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் குழந்தைகளும் அம்மாக்களும் தங்குவதற்கு அடையாறில் ஓர் அறக்கட்டளை வாடகை வீடு ஒன்றை நடத்துகிறது. மாடியையும் எடுத்தால் இன்னும் சில குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும். அதற்கு உதவும்படி எங்கள் உறவினர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். ஆறு வாரத்தில் வந்தவை பெரும்பாலும் கும்பிடும் கைகளும் கைதட்டும் கைகளும்தான். கொடுக்கும் கை ஒன்றிரண்டே இருந்தது.

எரிச்சலில்தான் அதை எழுதினேன். "அந்தக் குழந்தைகள் பிழைத்து எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதில் இறங்கியிருக்கிறேன். இது என் வேண்டுதல்." எனக்குக் கடவுள் பக்தி அவ்வளவாகக் கிடையாது. ஆனால் என் மனிதர்களைத் தெரியும். போட்டி என்றால் வேடிக்கை பார்ப்பார்கள். வேண்டுதல் என்றால் பர்ஸைத் திறப்பார்கள். திறந்தார்கள். நூற்றொன்று, ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒற்றை ரூபாயை ஒட்டிக்கொண்டு பணம் வந்தது.

மாம்பலத்து அத்தை போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். "எந்த ஸ்வாமிக்குடீ வேண்டிண்டிருக்கே?"

"எல்லாருக்கும் பொதுவா, அத்தை."

"பொதுவால்லாம் வேண்டிக்கப்படாது. சரி, பாதியில மட்டும் விட்டுடாதே. வேண்டிண்டுட்டு விட்டா அது அந்தக் கொழந்தைகள் தலையிலன்னா விடியும்!"

நான் சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

கடலுக்கு முதலில் போனது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பெசன்ட் நகரில் மீனவர் குப்பத்துப் பக்கம், விடிந்தும் விடியாமலும். துணைக்கு ஃபைபர் படகோடு ஒரு மீனவரை அமர்த்தியிருந்தேன். என் வயதுதான் இருக்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டும்வரை பயப்பட நேரமே இல்லை, அலையோடு மல்லுக்கட்டவே சரியாக இருந்தது. தாண்டியதும் சத்தம் அடங்கியது. நீச்சல் கண்ணாடிக்குள்ளிருந்து கீழே பார்த்தேன். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. குளத்தில் அடியில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்தே நீந்திப் பழகியவள் நான். இங்கே அடி என்ற ஒன்றே இல்லை. எனக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று மனம் கேட்ட நொடியில் மூச்சு நின்றது. உள்ளே இழுத்தால் வருகிறது, வெளியே விட முடியவில்லை. படகின் விளிம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தொங்கினேன்.

"இன்னாம்மா, இப்டி பயந்துக்கினு கீற?" என்றார் அவர். "நீச்சல் தெரியும்னு சொன்னியே."

நான் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் என்றால் அப்படித்தான் என்று பயிற்சிக் குழுவில் சொன்னார்கள். நானும் நம்பினேன். அந்தத் தெம்பில்தான், இரண்டு வாரம் கழித்து, அதுவரை சேர்ந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று அடையாறு வீட்டுக்குப் போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து நாலு மாதமாகத் தங்கியிருக்கும் ஒருத்தி, கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்காது. பக்கத்தில் தலையில் துணி கட்டிய அவளுடைய ஏழு வயதுப் பெண். பல் டாக்டர் என்றதும் அந்தக் குழந்தை ஆடிக்கொண்டிருந்த பால் பல்லை நாக்கால் தள்ளிக் காட்டியது. சிகிச்சை நடக்கும்போது பிடுங்கக் கூடாது, தானாக விழட்டும் என்றேன்.

"இவகிட்ட நீங்களாவது சொல்லுங்க டாக்டர்" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். "மூணு வாரமா உப்பில்லாமச் சாப்பிடறா. தலை சுத்தி நேத்து வாசப்படியில உட்கார்ந்துட்டா."

ஏன் என்று கேட்டேன். அவள் வெட்கத்தோடு சிரித்தாள்.

"உங்க மெசேஜ் இங்கயும் வந்துச்சு, இந்த அம்மா படிச்சுக் காட்டுனாங்க, டாக்டரம்மா. யாரோ ஒருத்தவங்க எங்க புள்ளைங்களுக்காகக் கடல்ல நீந்துறேன்னு வேண்டியிருக்காங்க, பெத்தவ நான் சும்மா இருக்கலாமா? நீங்க முடிக்கிற வரைக்கும் உப்பு சேத்துக்கிறதில்லன்னு நானும் வேண்டிக்கிட்டேன். நீங்க முடிச்சா பாப்பாவுக்குச் சரியாயிரும்."

அவள் தட்டில் வெறும் ரசம் சாதம். பணத்துக்காக ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன், அது ஒருத்தியின் சோற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கடல் இன்னும் மோசமாகிவிட்டது. முன்பு நான் மூழ்கிவிடுவேனோ என்று மட்டும்தான் பயந்தேன். இப்போது கையை வீசும்போதெல்லாம் ஆடுகிற பால் பல்லும் கூடவே வந்தது. அத்தை சொன்னதற்கு நான் சிரித்தேனே, அந்தச் சிரிப்பும் வந்தது. நம்பிக்கை இல்லாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் பதில் தெரியாது. பகுத்தறிவு கரையில் செருப்போடு நின்றுவிடுகிறது. ஒரு நாள் ரங்கநாதன் தெருவில், ஜாக்கெட் துணி வாங்கப் போன இடத்தில், நாலு பக்கமும் தோள்கள் இடிக்க நின்றபோது அதே மாதிரி மூச்சு அடைத்தது. துணி வாங்காமலே மாம்பலம் ஸ்டேஷன் படியில் போய் உட்கார்ந்தேன்.

போன சனிக்கிழமை கடலில் ஏதோ வழவழவென்று காலைத் தடவிக்கொண்டு போனது. ஜெல்லி மீனாக இருந்தால் தோல் எரிந்திருக்கும். எரியவில்லை. பிளாஸ்டிக் பையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் கத்திய கத்தலில் கடல்தண்ணீர் வாய் நிறையப் போனது. மீனவர் என்னை அக்குளைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டார். நான் வாந்தி எடுத்து முடித்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வுட்ருமா" என்றார். "நானே இவ்ளோ தூரம் நீந்த மாட்டேன். பின்ன இந்த போட்டு இன்னாத்துக்கு கீது? துட்டு குட்துட்டாங்கன்னு உசுர வுடுவியா?"

சரிதானே என்று தோன்றியது. அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். விட்டுவிடலாம். பணத்தை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். உப்பு சாப்பிட ஆரம்பிப்பாள், அவளுக்கும் நல்லது. அவளுக்காகத்தான் சொல்லப்போகிறேன் என்று அடையாறு சிக்னல் வரை எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். எனக்காகத்தான் போனேன்.

அவள் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. உட்காராமலே சொன்னேன்.

"நான் எழுதினது வேண்டுதல் இல்லம்மா. பணம் வரணும்னு அப்படி எழுதினேன். தப்பு என்னோடது. இது வெறும் பந்தயம். நான் பாதியில நின்னாலும் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க உப்பு போட்டுச் சாப்பிடுங்க."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடித்த பாவாடையை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நின்னுட்டா ஒண்ணும் ஆவாதா?"

"ஆகாதும்மா. சத்தியமா ஆகாது."

"அப்ப நீங்க முடிச்சாலும் ஒண்ணும் ஆவாதா, டாக்டரம்மா?"

அவளுக்கு இருந்த ஒரே பிடி அந்த வேண்டுதல். என் பயத்தைக் குறைத்துக்கொள்வதற்காக அதை உருவப் பார்த்திருக்கிறேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. நாற்காலியில் எத்தனையோ பயந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"முடிச்சா நல்லது நடக்கும்மா" என்றேன். "முடிச்சுடறேன்."

"அதானே" என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கடலில் படகைப் பிடிக்காமல் இதுவரை ஒரு கிலோமீட்டர்கூட நான் நீந்தியதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.