அருவியாற்றில் மரம் குளிப்பாட்டும் இயந்திரம்

கடந்த தை மாதக் கடைசியில் நானும் என் கணவர் நிஸ்தாரும் புத்தளத்திலிருந்து மன்னார்க் கரைக்குப் போய் வந்தோம். அகதி முகாமில் கேட்டவர்களிடம் ஊரைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொன்னோம். அது பாதிதான் உண்மை. எங்கள் ஊர் கொண்டச்சி. தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் ஏந்திய இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது கையில் அகப்பட்டதோடு கிளம்பியவர்கள் நாங்கள். இப்போது சமாதான காலம் என்பதால் பலர் போய்த் தங்கள் வீட்டுச் சுவர்களைப் பார்த்து அழுதுவிட்டு வருகிறார்கள். நாங்கள் போனது ஓர் இயந்திரத்தைத் தேடி.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாரி மழையில் அருவியாறு பெருகும்போது மேலேயுள்ள காட்டிலிருந்து மரங்கள் மிதந்து வரும். சில வெள்ளத்தில் சாய்ந்தவை. சில வெட்டி மிதக்கவிடப்பட்டவை. முதிரை போன்ற பாரமான மரம் தண்ணீரில் தாழ்ந்துவிடும் என்பதால் வெற்று எண்ணெய்ப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி விடுவார்கள். அரிப்பு என்ற ஊருக்குக் கிட்ட, ஆறு கடலில் விழும் முன்னர், அவற்றைக் கரையேற்றவேண்டும். நிஸ்தார் ஒரு பழைய லொறியின் கியர்பெட்டி, ஓர் எஞ்சின், இரும்பு உருளை, கம்பிவடம் எல்லாவற்றையும் பொருத்தி அதற்கென்று பாரம் இழுக்கும் வின்ச் ஒன்று செய்திருந்தார். கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் தண்டவாளத்தில் ஒரு தள்ளுவண்டி. வண்டியில் மரம் ஏறி வரும்போது இரண்டு பக்கமும் நிற்கும் துளைக்குழாய்களிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கும். மேலே சுழலும் சங்கிலிகள் பட்டையை அடித்து உரிக்கும். மணலோடு அறுக்கும் வாளுக்குக் கொடுத்தால் பல் போய்விடும், அதற்குத்தான் இந்தக் குளிப்பு. ஊரில் அதை ‘மரம் குளிப்பாட்டுற மிசின்’ என்றார்கள்.

நாங்கள் வெளியேறும்போது அது சூசையின் பொறுப்பில் இருந்தது. சூசை அரிப்பைச் சேர்ந்தவர், என் கணவரோடு ஐந்து வருடம் வேலை செய்தவர். பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. போன மார்கழியில் புத்தளத்துக்கு உப்பு ஏற்ற வந்த லொறிச் சாரதி ஒருவர், ஆற்றங்கரையில் ஒரு மிசின் மரத்தைக் கழுவிக் கழுவி ஏற்றுகிறது என்று சொன்னார். அன்று நிஸ்தார் சாப்பிடவில்லை.

“பன்னிரண்டு வருசமா என்ட சாமானை வச்சு உழைக்கிறான்,” என்றார். அதற்குப் பிறகு ஆற்றங்கரைக்குப் போகும்வரை சூசை என்ற பெயரை அவர் சொல்லவில்லை, ‘அவன்’ என்றுதான் சொன்னார்.

வில்பத்துக் காட்டுக்குள்ளால் மறிச்சுக்கட்டிக்குப் போகும் குறுக்கு வழியை நம்பிக் கிளம்பாதீர்கள், அது பூட்டித்தான் கிடக்கிறது. சுற்றித்தான் போகவேண்டும். காலை ஐந்து மணி பஸ்ஸில் புத்தளத்திலிருந்து அநுராதபுரம், எழுபத்தைந்து கிலோமீற்றர் வரும். அங்கிருந்து மதவாச்சி. மதவாச்சியில் எல்லாரும் இறங்கிப் பைகளைத் திறந்து காட்டி மறுபடி வேறு பஸ்ஸில் ஏறவேண்டும். முருங்கனில் இறங்கும்போது பகல் பன்னிரண்டரை. பஸ் செலவு ஆளுக்கு நூற்றுப் பத்து ரூபாய்க்குள் முடிந்தது. முருங்கனிலிருந்து ஆற்றங்கரைக்கு ஓட்டோ எழுநூறு கேட்டார்கள். சாலையைப் பார்த்த பிறகு பேரம் பேசியதற்கு வெட்கப்பட்டேன்.

ஓட்டோக்காரர் கணேசன் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஏறியதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “காணி பாக்க வந்தீங்களா?” என்றார்.

“சும்மா,” என்றார் நிஸ்தார்.

“சும்மா யாருங்க இந்தப் பக்கம் வர்றா,” என்றார் கணேசன்.

ஆமிச் சாவடியில் நிஸ்தாரின் பையிலிருந்து பழைய படம் ஒன்று வெளியே வந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் அவர் நிற்கும் படம். எனக்கே தெரியாமல் கொண்டு வந்திருந்தார். சிப்பாய் அதில் வரிசையாக நின்ற குழாய்களை விரலால் தொட்டார்.

“இது என்ன? எதுக்கு அடிக்கிறது?”

“தண்ணி அடிக்கிறது, சேர். மரம் கழுவுறதுக்கு.”

“மரம் ஏன் கழுவுறது?”

நிஸ்தார் விளங்கப்படுத்தினார். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அந்தச் சிப்பாயின் முகம் இறுகியது. இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றோம். கடைசியில் படத்தை வைத்துக்கொண்டு எங்களை விட்டார்கள். சில மைல் தள்ளி, சீருடை இல்லாத இயக்கத்து இளைஞர்கள் இருவர் ஓட்டோவை மறித்து அதே கேள்விகளை நல்ல தமிழில் கேட்டார்கள். ஆரிட்டப் போறியள், எத்தினை நாள் நிப்பியள், ஆமி என்ன கேட்டவன். எங்களுக்கு முந்திக் கணேசனே பதில் சொன்னார். “சொந்தக்காரங்க வீட்டுக்குங்க.” எங்களைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

எஞ்சின் சத்தம் ஆறு தெரிவதற்கு முன்பே கேட்டது. நிஸ்தார் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தார். மருதமரங்களுக்குக் கீழே கரை சரிவாக வெட்டப்பட்டிருந்தது. அதே தண்டவாளம், அதே வளைவு. இயந்திரத்துக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்கள். அதை இயக்கிக்கொண்டிருந்தது ஒரு பெண். சூசையின் மனைவி பிலோமினா. கலியாணமான புதிதில் ஒருதரம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இப்போது தலையில் துவாய் கட்டி, ஆண்களின் சேட்டு போட்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எஞ்சினை நிற்பாட்டினாள். சிரிக்கவில்லை.

“வாங்கோ நானா,” என்றாள், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில். “ஒருநாள் வருவியள் எண்டு தெரியும்.”

“சூசை எங்க?”

“அவர் மோசம் போய் ரெண்டு வருசம். காய்ச்சல்.”

நிஸ்தார் இயந்திரத்தைச் சுற்றி வந்தார். குனிந்தார், தட்டினார், சாயத்தை நகத்தால் சுரண்டினார். துக்கம் விசாரிக்கும் நேரத்தில் இப்படிச் செய்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் நானும் சும்மா நிற்கவில்லை. கரையில் கிடந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளத்தில் சாய்ந்த மரத்துக்கு வேர் இருக்கவேண்டும். அங்கே கிடந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு பக்கமும் வாளால் அறுத்த மரங்கள்.

“இதெல்லாம் ஆர் வெட்டினது?” என்று கேட்டேன்.

“ஆறு கொண்டு வாறதை நாங்கள் எடுக்கிறம், அக்கா. மேல ஆர் வெட்டினவையெண்டு கேக்கிறேல்லை. கேட்டவைக்குத்தான் கரைச்சல் வரும்.”

நிஸ்தார் நிமிர்ந்தார். “உருளை என்ட. குழாய் வரிசை என்ட. எஞ்சின் என்டதில்ல. என்ட எஞ்சின் எங்க?”

“அதை ஆமி கொண்டு போனது. இது பேசாலையில ஒரு வள்ளத்தில கழட்டினது. நான் காசு குடுத்து வாங்கினது.”

“கியர்பெட்டி?”

“அதை மற்றவை கொண்டு போச்சினம்.”

“அப்ப உருளையை மட்டும் ரெண்டு பேரும் விட்டுட்டாங்களா?” அவர் குரலில் இருந்த ஏளனம் எனக்கே சுட்டது. பிலோமினா எஞ்சினை மறுபடி இயக்கினாள். தண்ணீரில் இடுப்பளவில் நின்ற அந்தோனி, அவளுடைய கொழுந்தன், ஒரு பெரிய மருதமரத்தை வண்டியில் ஏற்றிச் சங்கிலி மாட்டியிருந்தார். வந்தவர்களுக்காக வேலையைப் போட்டுவிட முடியாது, ஆற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

மரம் மெல்ல மெல்ல மேலே வந்தது. குழாய்களுக்கிடையில் நுழைந்தபோது சேற்றுத் தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. கறுப்பாக இருந்த மரம் வெளுத்துக்கொண்டே வந்தது. சங்கிலிகள் பட்டையை அடிக்கும் சத்தத்தில் காது அடைத்தது. அப்போதுதான் கியர் நழுவியது. உருளை பின்பக்கமாகச் சுழலத் தொடங்க, வண்டி மரத்தோடு கீழே ஓடியது. கீழே தண்டவாளத்துக்கு நடுவில் அந்தோனி நின்றார்.

நிஸ்தார் பாய்ந்தார். உருளையின் வலப்பக்கம் போய், பிரேக் பிடிக்கும் நெம்புகோலை இழுக்கக் கையை நீட்டினார். அங்கே நெம்புகோல் இல்லை. அவர் கை வெறும் காற்றைப் பிடித்து இழுத்தது. அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிலோமினா இருந்த இடத்திலிருந்தே தரையிலிருந்த ஓர் இரும்புப் பலகையை இரண்டு காலாலும் மிதித்தாள். உருளை கிறீச்சிட்டது, புகை வந்தது. வண்டி நின்றபோது மரத்தின் நுனிக்கும் அந்தோனியின் நெஞ்சுக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. அவர் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பிலோமினா துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். நிஸ்தார் அந்த மிதிபலகையையே பார்த்தார்.

“ஆர் இதைக் காலுக்கு மாத்தினது?”

“அவர்தான். அவருக்கு வலக்கை ஏலாமப் போச்சு.” அவள் அந்தோனி எழும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். “எஞ்சினைக் கொண்டு போன பிறகு, உருளையையும் கம்பிவடத்தையும் மணலுக்குள்ள தாட்டு வச்சவர். பங்கர் கட்ட இரும்பு தேடி வந்தவை. உருளை எங்க எண்டு கேட்டு அடிச்சவை. கையைத்தான் அடிச்சவை. அவர் சொல்லேல்லை.”

“ஆர் அடிச்சது?”

“ஆரெண்டு சொன்னா உங்களுக்கு என்ன வரப்போகுது, நானா?”

“எனக்காகவா தாட்டு வச்சவன்?”

பிலோமினா யோசித்தாள். “தெரியாது. உங்களுக்காகவும் இருக்கலாம். எங்களுக்காகவும் இருக்கலாம். எனக்கு அவர் சொல்லேல்லை.”

அவள் வேறு விதமாகச் சொல்லியிருந்தால், உங்களுக்காகத்தான் என்று கண்ணீரோடு சொல்லியிருந்தால், நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் முழுக்க நம்பினேன் என்றும் எழுதமாட்டேன். அவள் கதைக்குச் சாட்சி இல்லை. சாட்சி சொல்லக்கூடியவர் அரிப்புச் சேமக்காலையில் கல்லறைக்குள் இருக்கிறார்.

தேத்தண்ணி குடித்தபடி பேச்சு நடந்தது. உருளையைக் கழற்றித் தா என்றார் நிஸ்தார். எடுத்துக்கொண்டு போங்கோ, எந்தச் சாவடியால கொண்டு போவியள் என்று கேட்டாள் அவள். ஒரு படத்துக்கே முக்கால் மணித்தியாலம் நின்றவர்கள் நாங்கள். அடுத்த மாரிக்கு வந்து வேலை செய்யுங்கோ, வாற மரத்தில பாதி உங்களுக்கு என்றாள். வேலை செய்துவிட்டுப் போன பிறகு நீ பாதி தராவிட்டால் என்றார் இவர். நீங்கள் வந்து நிண்டுகொண்டு இடம் என்ட எண்டு சொன்னா என்றாள் அவள். வெகுநேரம் இப்படியே போனது. அந்தோனி உடுப்பு மாற்றி வந்து ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருதரம் மட்டும் வாய் திறந்தார். “நானா பிரேக்குக்குக் கை நீட்டினவர், அண்ணி. நான் கண்டனான்.”

கிளம்பும்போது பிலோமினா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அவர் தனிய வரக்கூடாது, அக்கா. நீங்களும் வாங்கோ.”

“என்னில நம்பிக்கையா?”

“இல்லை,” என்றாள். “நீங்கள் நிண்டா அவர் என்னைப் பாக்கிற நேரம் நீங்கள் அந்தோனியைப் பாப்பியள். நான் உங்கள் ரெண்டு பேரையும் பாப்பன். அப்படியெண்டா மரத்தை இழுக்கலாம்.”

அன்றிரவு முருங்கனில் தங்கி, மறுநாள் கொண்டச்சிக்கும் போனோம். எங்கள் வீட்டின் முன்சுவர் நிற்கிறது, உள்ளே முள்ளு உடைமரம் வளர்ந்திருக்கிறது. வாசலுக்குப் பத்து அடி முன்னால் மண்டையோடு வரைந்த சிவப்பு மிதிவெடிப் பலகை. அதற்கு அப்பால் நாங்கள் போகவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அடையாள அட்டையை மேல் பையிலேயே வைத்திருங்கள். இயந்திரம், பாலம், ஆற்றங்கரை இருக்கும் படம் எதையும் கொண்டு போகாதீர்கள். ஆடு மாடு நடந்த தடத்தை விட்டு இறங்காதீர்கள், அது உங்கள் சொந்தக் காணியானாலும். திரும்பி வர முருங்கனில் கடைசி பஸ் மூன்றரைக்கு என்றார்கள், எங்களுக்கு மூன்று மணிக்கே போய்விட்டது. தண்ணீரும் சாப்பாடும் கொண்டு போங்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதற்கு ஒரே பதிலை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்துவிட்டது. நேற்று அதே உப்பு லொறிச் சாரதி முகாமுக்கு வந்து பிலோமினா சொல்லிவிட்டதைச் சொன்னார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம், மரமும் வரத் தொடங்கிவிட்டதாம். சாமான் ஒன்றும் கொண்டு வரவேண்டாமாம், எல்லாம் அங்கே இருக்கிறதாம்.

“ஏன் ஒண்டும் கொண்டு வரவேணாம் எண்டுறா?” என்றார் நிஸ்தார். “என்னமோ இருக்கு.”

“இருக்கும்,” என்றேன் நான்.

அவர் தன் பழைய சேட்டு இரண்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு என் பை எங்கே என்று கேட்டார். வியாழக்கிழமை ஐந்து மணி பஸ்ஸில் போகிறோம்.