மஞ்சள் தடவிய சினிமாப் பத்திரிகை

அந்த வெள்ளிக்கிழமைக்கான என் நாட்குறிப்பு இப்படித் தொடங்குகிறது: “காலை 10.55. சின்ன அரங்கம். இருக்கை 96. ஆள் 9.”

அந்த ஒன்பதில் நானும் ஆச்சியும் சேர்த்தி இல்லை. ஆச்சி எனக்கு உறவில்லை; செட்டிநாட்டில் பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். காரைக்குடியில் இரண்டு அரங்கம் கொண்ட பழைய திரையரங்கு ஒன்றை அவர் நடத்துகிறார். பெரிய அரங்கில் வழக்கமான படங்கள் ஓடும். சின்ன அரங்கில் வெளிநாட்டு மொழிகளிலிருந்து நல்ல சிறிய படங்களைக் கொண்டுவந்து போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் திரையரங்கில் சரிபாதி, சென்னையில் இருக்கும் அவர் தம்பிக்கு. தம்பி தெளிவாகச் சொல்லிவிட்டார்: முதல் காட்சிக்குப் பாதி அரங்கமாவது நிறைய வேண்டும், இல்லாவிட்டால் சின்ன அரங்கம் டைல்ஸ் கிடங்காகிவிடும். பாதி என்றால் நாற்பத்தெட்டுப் பேர்.

முதல் படம் ஜார்ஜிய மொழிப் படம். மலையோரக் கிராமத்தில் ஒரு பெரிய வீடு, அதற்குப் பதினோரு வாரிசுகள், ஒழுகும் கூரை. ஆங்கிலத்தில் வந்த வசனங்களைத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளாக எழுதியவள் நான். பள்ளத்தூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். சினிமாவுக்கும் எனக்கும் அதிகம் ஒட்டில்லை. ஆனால் ஒரு வரி திரையில் எத்தனை விநாடி நிற்கும், அதற்குள் எத்தனை சொல்லைப் படித்து முடிக்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் குறைப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஏழு வாரம் ஆனது.

சுவரொட்டி போதும் என்றேன். ஆச்சி சிரித்தார்.

“போஸ்டரப் பாத்துட்டு இந்தப் படத்துக்கு யாரு வருவா டீச்சர்? வீட்டுக்குப் போயிக் கூப்புடணும். கூப்புட்டாத்தான் நம்மாளுக வருவாக.”

கல்யாணத்துக்கு அடிப்பதுபோல் அழைப்புப் பத்திரிகை அடித்தோம். வாசகமும் நேரமும் என் பொறுப்பு. பெரிய அரங்கில் காலைக் காட்சி பத்தரைக்குத் தொடங்கிவிடும்; வாசலில் கூட்டம் மோதாமல் இருக்கட்டும் என்று பதினொரு மணி போட்டேன். அச்சாகி வந்ததும் ஆச்சி பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். காலாண்டு விடுமுறையில் இருவருமாகக் கொத்தமங்கலம் வரை போய், அறுபத்திரண்டு வீடுகளில் நேரில் கொடுத்தோம். எல்லோரும் “வந்துர்றோம்” என்றார்கள். வீட்டுக்கு எத்தனை பேர் என்பதைக்கூடக் குறித்துவைத்திருந்தேன்.

பதினொன்றுக்குப் படம் தொடங்கியது. ஆச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்து காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வராட்டிப் போறாக. நீங்க எழுதுனதையாவது பெருசாப் பாத்துக்கிருவோம்” என்றார். ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்தேன். வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையின் நிழலில் பட்டுப்புடவைகளும் வெள்ளை வேட்டிகளுமாக ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் நாங்கள் ஏறி இறங்கிய வீடுகளின் முகங்கள்.

“ஏன் இங்கயே நிக்கிறீங்க? படம் ஓடிக்கிட்டிருக்கு, உள்ள வாங்க!” என்றேன்.

கொத்தமங்கலத்துப் பெரிய ஆச்சி ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். “பன்னெண்டு ஆகட்டும். வெள்ளிக்கிழம பத்தரையில இருந்து பன்னெண்டு ராகு காலமுல்ல? மஞ்சளத் தடவிட்டு இந்த நேரத்துலயா கூப்புடுவீக?”

“சினிமாதானே ஆச்சி…”

“சும்மா சினிமாவுக்கு எப்ப வேணாலும் வருவோம். இது பத்திரிகை வச்ச விசேசம்.” பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். “டீச்சர் வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக, அவுகளுக்கு ராகு ஏது கேது ஏது? தியேட்டர்க்காரி படிச்சுப் பாத்துட்டுல்ல மஞ்சளத் தொட்டிருக்கணும்!”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. தூணருகே நின்ற ஒருவர் மட்டும் சங்கடமாக வேறு பக்கம் பார்த்தார். ஆச்சியின் தம்பி. தலை எண்ணுவதற்காக இரவு ரயிலில் வந்தவர், அவரும் பன்னிரண்டுக்காகத்தான் காத்திருந்தார்.

உள்ளே ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் ஆச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார்; பிறகு எழுந்துவிட்டார். படம் ஒரு மணி முப்பத்தாறு நிமிடம். அடுத்த காட்சி இரண்டரைக்கு. முதலிலிருந்து போட நேரம் இருந்தது. உள்ளே இருந்த ஒன்பது பேரிடமும் விளக்கு போட்டுக் கேட்டோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், “தாராளமாப் போடுங்க. நான் இதுவரைக்கும் பாதித் தூக்கம்” என்றார். யாரும் மறுக்கவில்லை.

பன்னிரண்டு இரண்டுக்கு எல்லோரும் வலது காலை வைத்து நுழைந்தார்கள். ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது யார் என்று பதினோரு வாரிசுகளும் சண்டை போடும் இடத்தில் அரங்கம் அதிர்ந்தது. “இது எங்க பங்காளி வீடேதான்!” என்று நடுவரிசையிலிருந்து ஒரு குரல். நான் ஐந்து சொல்லாகக் குறைத்து எழுதிய வரிகளை மக்கள் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். மேற்கொண்டு ஒரு விநாடி கொடுத்திருக்கலாம் என்று இருட்டிலேயே குறித்துக்கொண்டேன்.

இரண்டு முறை எண்ணினேன். எழுபத்தொன்று.

வெளியே வந்ததும் தம்பி கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு நின்றார். தானும் எண்ணியதாகச் சொல்லவில்லை. “அடுத்த படத்துக்கு அச்சடிக்கிறதுக்கு முன்னால நேரத்த எங்கிட்ட ஒருதரம் காமிங்க டீச்சர்” என்றார். ஆச்சி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை ராகு காலம், ஒன்பது முதல் பத்தரை. நாளைய பதினொரு மணிக் காட்சிக்குத் தடையில்லை.