குமரன் அடித்த எழுத்து

பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாம் இடம். இரண்டே விரல்களால் பழகிய டைப்ரைட்டிங். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படிப்பு, படித்த இடத்திலேயே புரோகிராம் எழுதும் வேலை. இத்தனையும் என் தம்பி குமரகுருபரன் வாங்கியவை. பிறந்ததிலிருந்தே அவனுக்கு இரண்டு கைகளும் நடுங்கும். பேனா பிடித்தால் தாள் கிழிந்துவிடும்.

பரீட்சைகளில் அவன் சொல்லச் சொல்ல எழுதியவன் கணேஷ்ராம். ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் அடுத்த தெரு. ஒரு வகுப்பு கீழே படித்தான். எழுதியதை வாசித்துக் காட்டுவான், குமரன் திருத்துவான். விண்ணப்பங்களில் குமரனின் பெயரையும் அவனே எழுதுவான். குமரன் கைநாட்டு வைப்பான். பாதி நாள் கணேஷ்ராமுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். பிறகு குமரன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரிலேயே அவனும் வேலைக்குச் சேர்ந்தான்.

ஓர் ஆஸ்பத்திரிக்காக, ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களைச் சேர்த்து வைக்கும் புரோகிராமைக் குமரன் எழுதினான். ஒரு ஃபைலைத் திறக்கும்போதே எதற்காகத் திறக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டுமாம். படிக்க மட்டும் என்றால் ‘ஆர்’. இருப்பதன் கடைசியில் சேர்க்க ‘ஏ’. ‘டபிள்யூ’ போட்டால் புதிதாக எழுத. திறந்த உடனே பழையதெல்லாம் அழிந்துபோகும். ஒவ்வொரு வரியையும் அடித்த பிறகு வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது அவன் வழக்கம்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வந்த அன்று ஃபைலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அது கணேஷ்ராமின் பெயர். ஒரு மாதம் அடித்த பெயர்கள் ஒன்றுமில்லை. புரோகிராமில் ‘ஏ’ இருந்த இடத்தில் ‘டபிள்யூ’ இருந்தது. சென்டர் முதலாளி பூதலிங்கம் அண்ணாச்சி யார் வேலை என்று கேட்டார். குமரன் வாய் திறப்பதற்குள் கணேஷ்ராம் சொன்னானாம்: “அவன் கை ஆடுமே அண்ணாச்சி. கீபோர்டுல ‘ஏ’க்கு மேலதான ‘டபிள்யூ’ இருக்கு.”

எல்லாரும் நம்பினார்கள். அண்ணாச்சி கோபப்படக்கூட இல்லை.

“போட்டும்லே, உன்னச் சொல்லிக் குத்தமில்ல. இனிம கீபோர்டு பக்கம் போகாண்டாம். வாறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு வாசல்ல இரி, சம்பளத்தக் கொறைக்கல” என்றார்.

அன்று சாயங்காலமும் கணேஷ்ராம் எங்கள் வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். குமரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாந்தாம்லே மாத்துனேன். ஃபைல்ல எம்பேரும் இருக்கட்டும்னு பாத்தேன். எழுதணும்னா ‘டபிள்யூ’தானன்னு நெனச்சிட்டேன்” என்றான் அவன்.

“அப்ப எங்கையச் சொன்னியே, அது?”

“எம்பேரச் சொன்னா வெளிய அனுப்பிருவாரு. ஒன்னய அப்படிச் செய்வாரா? பாவம்னு விட்டுருவாரு. விட்டுட்டாரா இல்லையா? நீங்களே சொல்லுங்கக்கா, இவனுக்கு என்ன போச்சி?”

நான் சோற்றுச் சட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பரீட்சையில் குமரனுக்குக் கையாக இருந்தவன், அதே கையைக் காட்டித் தப்பித்துக்கொண்டான். இப்போதும் அங்கேதான், குமரனுடைய நாற்காலியில் வேலை பார்க்கிறான்.

அடுத்து வந்த திங்கட்கிழமை குமரன் டைப்ரைட்டிங் நிலையத்துக்குப் போய் அண்ணாச்சிக்கு இரண்டே வரி அடித்துக்கொண்டு வந்தான். ‘நான் அடித்தது ஏ. வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன்.’

கைநாட்டுக்காக நான் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பேனா கேட்டான். தாளுக்கு அடியில் அட்டை வைத்து, அது நகராமல் இருபுறமும் பிடித்துக்கொண்டேன். ‘கு’விலேயே தாள் கிழிந்தது. திரும்ப நிலையத்துக்குப் போய் இன்னொன்று அடித்து வந்தான். இந்த முறை கிழியவில்லை. வரி மேலும் கீழும் ஏறி இறங்கினாலும் பெயர் முழுதாக இருந்தது. கீழே தேதியையும் அவனே போட்டான்: 11.11.1996.