கொடைக்குப் போட்ட மாத்திரை

முதலில் வந்தது வலியல்ல, ஆசை. பச்சரிசி மேல் ஆசை. சமையலறையில் அரிசிப் பானையைக் கடக்கும்போதெல்லாம் கை தானாக மூடியைத் திறக்கும். ஒரு பிடி அள்ளி மென்றால் மழை விழுந்த மண்ணின் வாசனை தொண்டைக்குள் இறங்கும். பள்ளிக்கும் சிறு டப்பாவில் கொண்டுபோனேன். நாற்பத்தெட்டு வயதில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அரிசி மென்றதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள். என் கணவர் சும்மா விடுவாரா?

"ஏட்டி பார்வதி, நமக்குக் கல்யாணம் முடிஞ்சு இருவத்தஞ்சு வருசமாச்சு. இனி யாரு கல்யாணத்துக்குட்டி மழைய வரவழைக்க?"

அடுத்து வந்தது கடல். தேரூரிலிருந்து அஞ்சுகிராமம் பக்கமுள்ள என் பள்ளிக்குப் பஸ்ஸில் போகும்போது காதுக்குள் அலை இரையும். முட்டத்துப் பாறைகளில் மோதித் திரும்புகிற அதே இரைச்சல், நாடித்துடிப்பின் தாளத்தில். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் மெல்ல மிதந்து போகும். இறங்கி நடந்தால் கால் தரையில் பாவாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த மிதப்பு எனக்குப் பிடித்திருந்தது. உடம்பு வற்றிக்கொண்டிருக்கும்போது இவ்வளவு இதமாக இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வற்றியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு முறை தவறியிருந்தது. ஒரு மாதம் வராது. மறுமாதம் வந்தால் பதினைந்து நாள் நிற்காது. அதே தெருவில் இருக்கும் மைனியிடம் (கணவரின் அக்கா) சொன்னேன்.

"நிக்கப்போற காலம் அப்பிடித்தான் கெடக்கும். எனக்கும் கொட்டித்தான் நின்னுது. வெசனப்படாத," என்றார். மைனிக்கு நின்று எட்டு வருடம் ஆகிறது. அனுபவப்பட்டவர் சொன்னால் கேட்காமல் எப்படி?

இனி, நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்து இசக்கியம்மன் கோவிலில் பங்குனியில் கொடைத் திருவிழா நடக்கும். பொங்கலுக்கு முதல் பானை வைப்பது இந்த வீட்டு மருமகள். கல்யாணமான முதல் வருடம் என் மாதவிலக்கு நாள் கொடையோடு இடித்தது. மைனி ஓர் அட்டை மாத்திரையைக் கையில் வைத்து, "தள்ளிப்போகும், முழுங்கு" என்றார். அதன்பிறகு கொடைக்கு, கல்யாணத்துக்கு, கணவர் மலைக்கு மாலை போட்டால் அதற்கு என்று, வருடா வருடம் விழுங்கினேன். எங்கள் பக்கத்தில் இது பெரிய ரகசியமும் இல்லை. மருந்துக்கடையில் சீட்டு கேட்க மாட்டார்கள். "கொடைக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

ரகசியம் இதற்குப் பிறகுதான். உதிரம் நிற்காமல் போனபோது அதே மாத்திரையை நானே எடுத்துப் போட்டேன். நின்றது. விட்டால் மறுபடி வந்தது. மறுபடி போட்டேன். என்னை நானே வைத்தியம் பார்க்கும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் குரல் தூரமாகப் போனது. கடல் மட்டும் பக்கத்தில் வந்தது. கண் திறந்தபோது தலைமையாசிரியையின் மடியில் கிடந்தேன். என் டப்பாவிலிருந்து சிதறிய அரிசியைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் (இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள், பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும்) ஆறுதான் இருந்தது. அரிசி ஆசையும் காதுக்குள் கடலும் இரத்தச்சோகையின் அறிகுறிகள் என்று டாக்டரம்மா சொன்னார். ஸ்கேனில் எண்டோமெட்ரியம் (கருப்பையின் உள்சவ்வு) இருக்க வேண்டியதைவிடத் தடித்திருந்தது.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மைனி. "இல்ல" என்றேன்.

மத்தியானம் இரத்தம் ஏற்றினார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவரின் இரத்தம் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கொடுத்தவர் கடலுக்குப் போகிறவராக இருக்குமோ, அவர் பார்த்த நீலமெல்லாம் எனக்குள் வந்துவிடுமோ என்று என்னவெல்லாமோ தோன்றியது. பாதி உறக்கத்தில் டாக்டரம்மா கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார்.

"இப்பம் யாரும் இல்ல. எங்க வீட்லயும் கொடை உண்டு டீச்சர். சொல்லுங்க."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"கொடைக்கு மூணு நாள் தள்ளிப்போட்டதால இது வரல்ல. ஆனா உதிரம் வந்தா ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். நீங்க ஒவ்வொரு தடவையும் அது வாயப் பொத்திட்டீங்க. பயாப்சி (உள்சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) பாத்திருவோம்."

"கேன்சரா டாக்டர்?"

"பாத்தாத்தான் சொல்ல முடியும்."

முடிவு வரப் பத்து நாள். என் மகள் அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவளைப் பார்க்கும்போதெல்லாம் இவள் கல்யாணத்துக்கு நான் இருப்பேனா என்ற ஒரே கேள்விதான். அந்த நாட்களில் கணவரிடமும் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாட்டி" என்றார். பிறகு அரிசிப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். அந்த மனிதருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

புற்று இல்லை. ஆனால் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்ட செல்கள் இருந்தன. இன்னும் ஒரு வருடம் வாயைப் பொத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை. இரும்புச்சத்து ஊசிகள் போட்டு உடம்பைத் தேற்றிவிட்டு, கருப்பையை எடுத்தார்கள். எடுத்ததையும் சோதித்து, இனிப் பயமில்லை என்றார்கள்.

பிறகு ஆறு வாரம் கட்டில். குடம் தூக்கக்கூடாது, குனிந்து கூட்டக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே வாழையிலைகள் ஆடும். கண்ணை மூடித் திறந்தால் மத்தியானம் சாயங்காலமாகியிருக்கும். வயிற்றுக்குள் யாரோ நெடுநாள் குடியிருந்து காலி செய்துவிட்டுப் போன அமைதி. காதில் கடல் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சில வேளை நான் அதைத் தேடினேன்.

சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கும். வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் பயணம், விரதம், கொடை எல்லாம். இப்போது தாள்கள் வெறுமனே கிழிந்துகொண்டிருந்தன. ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது விடுதலையா இழப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பங்குனி வந்தது. "இனி உனக்கு ஒரு தடையும் இல்ல, கொடுத்து வெச்சவ" என்று சொந்தக்காரப் பெண்கள் வாழ்த்தினார்கள். கொடைக்கு நான்கு நாள் முன்பு கூடத்துக்கு வந்தால், மகள் கையில் ஓர் அட்டை. பக்கத்தில் மைனி.

"புள்ளை மஞ்சநீர்க்குடம் எடுக்கணும்லா? நாள் இடிக்குவு," என்றார் மைனி.

"மக்கா, அத இங்க தா."

மகள் தந்தாள். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இந்த வருசம் வேற புள்ளை எடுக்கட்டும் மைனி. டாக்டர்கிட்ட கேக்காம இனி இந்த வீட்ல இத யாரும் முழுங்கண்டாம். நான் முழுங்கினது போதும்."

எத்தனை வருடம் முழுங்கினேன், எதற்கெல்லாம் முழுங்கினேன் என்று அங்கேயே சொன்னேன். மைனி எழுந்து போய்விட்டார். உறவு அறுந்தது என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கொடை. மகள் வீட்டில் இருந்தாள். நான் முதல் பானை வைத்தேன். பானை பொங்க, பெண்கள் குரவையிட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் மைனி என் பக்கத்தில் வந்து குந்தினார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் இருப்பா?"

"செவ்வாயும் வெள்ளியும். ஏன் மைனி?"

"எனக்கு நின்னு எட்டு வருசமாச்சுலா? ரெண்டு மாசமா பின்னயும் லேசா உதிரம் படுகு. சவம், ஒடம்புச் சூடுன்னு விட்டுட்டேன்."

பொங்கல் கரண்டியைக் கீழே வைத்தேன். இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் அதைக் காட்டியாக வேண்டும்.

"வெள்ளிக்கிழம போவோம்."

"கொடை வேலையெல்லாம் ஒதுங்கட்டும்."

"கொடை அடுத்த வருசமும் வரும் மைனி. காலம்பற ஏழு மணி பஸ்."

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் பென்சில் கேட்டேன். நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைத் தாளைத் தேடிப் பிடித்து, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் வைத்த முதல் புள்ளி அது.