நாலு வாக்கில் தோற்ற செயலாளர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளைக்கு ஒன்பது வருடம் செயலாளராக இருந்தேன். பத்தாவது வருடம் தேர்தல் வைத்தார்கள். நாலே நாலு வாக்கில் தோற்றேன். மனைவி வேறு ஊர்க்காரி, சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அந்தத் துணிவில் அவளிடம் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல, "கூட்டம் இருக்கு" என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓல்னேயில் ரயில் ஏறி தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்துவிடுவேன். தேத்தண்ணிக் கடை மூலையில் இரண்டு வடையோடு கூட்டம் தொடங்கும். நானே தலைவர், நானே செயலாளர், நானே சபையோர்.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரை அழைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர். புதிய செயலாளருக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் ஓடாது. அறிமுக உரையும் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தன. உண்மையைச் சொன்னால், தலையை நீட்டியது நான்தான்.

ரயில்வே தொழிலாளியின் மகன், நீண்ட காலம் பள்ளி ஆசிரியர், இரண்டு தேர்தலில் தோற்று மூன்றாவதில் வென்றவர், விசாச் சிக்கலில் மாட்டிய எங்கள் ஆட்களின் கடிதங்களுக்கு ஒன்று விடாமல் பதில் போட்டவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பை முழங்கினேன். 'முன்னாள்' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டேன். எங்கள் ஆட்களில் ஒருவர் பள்ளிக்கூட அதிபராக ஓய்வு பெற்றால் மரண அறிவித்தல் வரைக்கும் அதிபர்தான். மரியாதை குறையக்கூடாது அல்லவா?

பொன்னாடை போர்த்தி முடிந்ததும் அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். போன தேர்தலில் சனங்கள் தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்றுதான் தொடங்கினார். முன்வரிசையில் என் மனைவி இருந்தாள். நான் கூசாமல், "பதவியைத் தாமாகவே துறந்து மக்களோடு வாழ்கிறார்" என்றேன். சபை கைதட்டியது. தோற்றதற்குக் கைதட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை என்று மனுஷன் திகைத்தார்.

பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழும்பினாள். "அங்கிள், தான் தோத்துப்போனனெண்டெல்லோ அவர் சொல்றார்?"

மண்டபமே சிரித்தது. இனித் தப்ப வழியில்லை. அவரோ விடாமல் சொல்லிக்கொண்டு போனார். தோற்ற பிறகு ஒரு மாதம், காலையில் டை கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டு நூலகத்தில் போய் இருந்தாராம். வீட்டில் மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி, ஒரு சொல்லும் மாற்றாமல் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன்.

திரும்பும் ரயிலில் ஃபைல் என் மடியில் கிடந்தது.

"இஞ்சை பாருமப்பா, நானும் தோத்துப்போனன்," என்றேன்.

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த நாலு வாக்கும் மற்ற ஆளுக்குப் போடச்சொல்லி நான் போன் எடுத்துக் கேட்டது."

கோபம் வரவேண்டிய இடம். வெட்கம்தான் வந்தது.

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தோத்தாலாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை நிப்பியளெண்டு நினைச்சன். அதுக்குப் பிறகும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டியள்."